இன்னும் காயேல்லை

பீல் நகரில், பழைய கடிகாரப் பட்டறை ஒன்றின் நிலவறையில்
புதன்கிழமை மாலைகளில்
ஏழு பேர் லினோலியம் செதுக்குகிறோம்.
ஏன் வந்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.
கொலெத் மரங்கள் மட்டும் செதுக்குவாள், இலையில்லாத மரங்கள்.
தாடிக்காரர் ஒருவர்
நான்கு மாதமாய் ஒரே நாற்காலியை.

ரெகுலா முதல் நாள் சொன்னது இரண்டே விஷயம்:
உளியை உங்களிடமிருந்து வெளியே தள்ளுங்கள்,
மற்றக் கையை அதன் வழியில் வைக்காதீர்கள்.
வீட்டில் கோப்பை கழுவும்போது
அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

முதல் மூன்று கிழமையும் அவனைத்தான் தோண்டினேன்.
தோண்டிய இடம் வெள்ளையாய் வரும்,
விட்டுவைத்த இடமே மையை வாங்கும்.
அவனைத் தோண்டித் தோண்டி எடுக்க
தாளில் ஒரு வெள்ளை ஆள்
கறுப்பு அறைக்குள் நின்றான்,
முன்னைவிடத் துலக்கமாய்.
ரெகுலா அந்தத் தகட்டை எறியவில்லை.
முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி
அலுமாரியில் வைத்தாள். வேண்டுமென்றால் கேள், என்றாள்.
நான் கேட்கவில்லை.

ஒன்பது வயது. மெட் பக்கம் ஓர் ஆறுமாடிக் கட்டடம்.
சலவை அறைச் சாவி இந்த நாட்டில்
வீடு வீடாய்க் கைமாறும்.
எங்களுக்கு வியாழன்.
அப்பா உணவகத்தில், அம்மாவுக்குத் தம்பி வயிற்றில்.
கூடையோடு நிலவறைக்குப் போவது நான்.
ஆறாம் மாடிக்காரருக்கு டொச் தெரியும்.
எங்கள் எல்லாருடைய கடிதங்களையும்
அவர்தான் வாசித்துச் சொல்வார்:
இருக்கலாம்.
போகவேண்டும்.
மூன்று மாதம் பொறுக்கலாம்.
எங்கள் வதிவிட அனுமதி அவர் வாய்க்குள் இருந்தது.
அப்படிப்பட்டவர் படியிறங்கி வந்தால்
ஒரு பிள்ளை என்ன சொல்லும்?

மெஷின் சுற்றும். வட்டக் கண்ணாடிக்குள்
அம்மாவின் பச்சைச் சீலை
நுரையோடு வந்து வந்து போகும். எண்ணினேன்.
இருநூற்றுப் பதினாலு வரை எண்ணிய ஞாபகம்.
மேலே வர, ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்?
உடுப்பு இன்னும் காயேல்லை, அம்மா.
இரண்டு வருசம், வியாழனுக்கு வியாழன், அதே வசனம்.
அம்மா ஒருநாளும் கூடைக்குள் கை வைத்துப் பார்க்கவில்லை.
வைத்திருந்தால் சுட்டிருக்கும்.

இந்தப் புதன் அதைத்தான் செதுக்கினேன்.
படமில்லை, வசனம் மட்டும்.
லையன்னாவின் இரட்டைச் சுழிக்கு அரைமணி நேரம்.
உளி வழுக்கி ஒரு குற்றுப் போனது.
போகட்டும், ஒன்பது வயதில் எனக்குத் தமிழ் எழுத்து
அவ்வளவுதான் தெரியும்.
இடம்வலம் மாற்றி வெட்டவேண்டும் என்பதை
மறந்தே போனேன்.
மை உருட்டி, தாள் வைத்து,
மரக்கரண்டி முதுகால் தேய்த்து உரித்தபோது
எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாய்
எனக்கு முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தன.
அழகு, எந்த மொழி? கொலெத் கேட்டாள்.
தமிழ், என்றேன். அதன் பின்பக்கம்.

மெல்லிய தாள். நிலவறை யன்னல் தெருமட்டத்தில்.
திருப்பி, தெருவிளக்குக்கு நேரே பிடித்தேன்.
சப்பாத்துகள் போயின, ஒரு நாய் போனது.
அவற்றுக்கு நடுவே
வசனம் நேராய் நின்றது.
அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது.
பையிலிருந்த பாணை எடுத்து முழுவதும் தின்றேன்.

அச்சுகளைக் கயிற்றில் கவ்வி போட்டுக் கொழுவுவோம்,
உடுப்புக் கவ்விதான்.
மரம், மரம், நாற்காலி, என்னுடையது.
ஒன்பது மணிக்கு ரெகுலா
ஒவ்வொரு விளக்காய் அணைத்துக்கொண்டு வந்து
என் தாளின் ஓரத்தைப் பிடித்தாள்: எடுக்கவா?
தொட்டுப் பார்த்தேன். விரலில் கறுப்பு.
இன்னும் காயேல்லை, என்றேன்
தமிழிலேயே.
அவளுக்கு விளங்கியிருக்காது.
ஆனாலும்
கையை எடுத்துக்கொண்டாள்.